முழங்கால் வலி: ஊசியா, பயிற்சியா?

"உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் நடக்க முடியவில்லை. படி இறங்கினால் உயிர் போகிறது."

நம் தெருவிலேயே இப்படிச் சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள். நம் வீட்டிலும் இருக்கலாம். நமக்கே இந்த வலி இருக்கலாம்.

பஞ்சாபில் வயல் சேற்றில் குனிந்து நாற்று நடுபவருக்கு முழங்கால் வலி வருகிறது. மூணாறு மலைச் சரிவில் தேயிலைக் கொழுந்து பறிப்பவருக்கு வருகிறது. மும்பையில் நாலு மாடி ஏறி இறங்கி வீட்டு வேலை செய்பவருக்கு வருகிறது. கடையில் உட்கார்ந்தே வேலை செய்பவருக்கும் வருகிறது.

2016ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நம் நாட்டின் பல ஊர்களில் 40 வயது தாண்டியவர்களைப் பரிசோதித்தார்கள். 100 பேரில் சுமார் 29 பேருக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது.

முழங்கால் வலித்தால் வேலைக்குப் போக முடியாது. அன்றைய கூலி போய்விடும். அதனால் சீக்கிரம் சரியாக என்ன வழி என்று தேடுகிறோம். "ஒரு ஊசி போட்டால் போதும்" என்கிறார் ஒருவர். "பயிற்சி செய்தால்தான் சரியாகும்" என்கிறார் இன்னொருவர்.

எது சரி? நம் கைப்பணத்தை எதற்குச் செலவு செய்யலாம்? இந்தப் பாடத்தில் இதைத் தெரிந்து கொள்வோம்.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

முழங்காலில் தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கின்றன. முன்னால் சிரட்டை போன்ற சிறிய எலும்பு ஒன்று இருக்கிறது.

எலும்பும் எலும்பும் நேராக உரசினால் என்ன ஆகும்? வலிக்கும். அப்படி உரசாமல் இருக்க, எலும்பின் முனைகளை வழுவழுப்பான ஓர் உறை மூடியிருக்கிறது. இதன் பெயர் குருத்தெலும்பு. பேச்சு வழக்கில் பலர் இதை 'ஜவ்வு' என்கிறார்கள். மூட்டுக்குள் எண்ணெய் போன்ற ஒரு நீரும் இருக்கிறது. கீல் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் விடுகிறோம் அல்லவா? அதுபோல இந்த நீர் மூட்டு வழுக்கி ஓட உதவுகிறது.

வயது ஆக ஆக, இந்தக் குருத்தெலும்பு மெலிகிறது. சில இடங்களில் சொரசொரப்பாகிறது. எலும்பின் ஓரத்தில் சிறு முனைகள் வளர்கின்றன. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு வீங்குகிறது. இதைத்தான் மூட்டுத் தேய்மானம் என்கிறார்கள்.

வயது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. உடல் எடை கூடுதலாக இருப்பது ஒரு காரணம். பழைய அடி ஒரு காரணம். பல ஆண்டுகள் குந்தி உட்கார்ந்து, சுமை தூக்கி வேலை செய்ததும் ஒரு காரணம். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். தேய்ந்த குருத்தெலும்பை ஊசி மீண்டும் வளர்க்காது. பயிற்சியும் வளர்க்காது. "எங்கள் மருந்து ஜவ்வை வளர்க்கும்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். நாம் தேடுவது இரண்டே இரண்டு. ஒன்று, வலி குறைய வேண்டும். மற்றொன்று, நம் வேலையை நாமே செய்ய முடிய வேண்டும்.

ஊசி என்ன செய்கிறது?

ஊசி என்று சொன்னால் எல்லா ஊசியும் ஒன்று அல்ல. மூன்று வகையைத் தெரிந்து கொள்ளுங்கள்.

முதல் வகை, கையிலோ இடுப்பிலோ போடும் வலி ஊசி. பல ஊர்களில் இதைத்தான் போடுகிறார்கள். இது மூட்டுக்குள் போவதில்லை. வலியைச் சிறிது நேரம் அடக்குகிறது. அடிக்கடி போட்டால் வயிற்றில் புண் வரலாம். சிறுநீரகமும் கெடலாம்.

இரண்டாம் வகை, மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி. மூட்டுக்குள் இருக்கும் வீக்கத்தை இது தணிக்கிறது. சில நாட்களில் வலி குறைகிறது. ஆனால் இந்த நிம்மதி நீடிப்பதில்லை. 2022இல் இங்கிலாந்தில் மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியானது. இந்த ஊசியின் பலன் 2 முதல் 10 வாரம் வரைதான் என்று நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டி.

மூன்றாம் வகை, ஜெல் ஊசி. மூட்டில் இருக்கும் நீர் போன்ற ஒரு பொருளை உள்ளே செலுத்துகிறார்கள். இதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். மூட்டுத் தேய்மானத்துக்கு இதைப் போட வேண்டாம் என்று அதே இங்கிலாந்து வழிகாட்டி சொல்கிறது. கடன் வாங்கி இந்த ஊசி போடும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் என்ன ஆகும்? இதை அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். 140 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 12 வாரத்துக்கு ஒரு முறை ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மற்றக் குழுவுக்கு வெறும் உப்பு நீர் ஊசி. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. இப்படி 2 ஆண்டுகள் போட்டார்கள். முடிவு 2017இல் வெளியானது. 2 ஆண்டு முடிவில் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு போட்டவர்களின் குருத்தெலும்பு அதிகமாக மெலிந்திருந்தது. அவர்களுக்கு 0.21 மில்லிமீட்டர் குறைந்தது. உப்பு நீர் போட்டவர்களுக்கு 0.10 மில்லிமீட்டர்தான் குறைந்தது.

அப்படியென்றால் ஸ்டீராய்டு ஊசி விஷமா? இல்லை. மூட்டு வீங்கி, வலி தாங்க முடியாமல், காலை ஊன்றக்கூட முடியாத நேரம் வரலாம். அப்போது ஓர் ஊசி கைகொடுக்கும். அந்த நிம்மதியைப் பயன்படுத்திப் பயிற்சியைத் தொடங்கலாம். ஊசியை மட்டுமே நம்பி இருப்பதுதான் தவறு.

பயிற்சி என்ன செய்கிறது?

பயிற்சி மூலம் செய்யும் வைத்தியத்தை 'பிசியோதெரபி' என்கிறார்கள். தமிழில் 'இயன்முறை மருத்துவம்' என்று பெயர். இதற்கென்று பட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் நம் நடையைப் பார்ப்பார்கள். மூட்டு எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று பார்ப்பார்கள். தங்கள் கையால் மூட்டை மெதுவாக அசைத்து இறுக்கத்தைத் தளர்த்துவார்கள். பிறகு நமக்கு ஏற்ற பயிற்சிகளைச் சொல்லித் தருவார்கள்.

பயிற்சியால் எப்படி வலி குறைகிறது?

லாரியின் சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சியை அது வாங்கிக் கொள்கிறது. நம் முழங்காலுக்குத் தொடைத் தசைதான் ஸ்பிரிங். தசை பலமாக இருந்தால் அதிர்ச்சியை அது தாங்கும். தசை மெலிந்தால் எல்லா அதிர்ச்சியும் மூட்டில் இறங்கும்.

வலிக்கிறது என்று நாம் காலை அசைக்காமல் வைக்கிறோம். அசைக்காத தசை மெலிகிறது. தசை மெலிந்தால் வலி கூடுகிறது. வலி கூடினால் இன்னும் அசைக்காமல் இருக்கிறோம். செக்குமாடு போல இது சுற்றிச் சுற்றி வருகிறது. இந்தச் சுற்றை உடைப்பதுதான் பயிற்சி.

இன்னொரு விஷயம். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டில் உள்ள நீரிலிருந்துதான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. நனைந்த பஞ்சை அழுத்தி விட்டால் நீர் வெளியே போய் மீண்டும் உள்ளே வரும். நடக்கும்போதும், காலை மடக்கி நீட்டும்போதும் குருத்தெலும்பில் இப்படித்தான் நடக்கிறது. ஆகவே அளவான அசைவு மூட்டுக்கு உணவு போன்றது.

156 பேர் சொன்ன பதில்

"ஊசி நல்லதா, பயிற்சி நல்லதா?" என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பதில் வரும். அவரவருக்கு நடந்ததை அவரவர் சொல்வார்கள். சரியான பதில் வேண்டும் என்றால் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படி ஓர் ஒப்பீடு அமெரிக்காவில் நடந்தது. அங்கே ராணுவத்தைச் சேர்ந்த இரண்டு மருத்துவமனைகளில் அதை நடத்தினார்கள். அதன் முடிவு 2020இல் வெளியானது.

முழங்கால் தேய்மானம் உள்ள 156 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களின் சராசரி வயது 56. சீட்டுக் குலுக்கிப் போடுவது போல அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஏன் சீட்டுக் குலுக்க வேண்டும்? வலி குறைவாக உள்ளவர்கள் எல்லாரும் ஒரே குழுவில் சேர்ந்துவிடக் கூடாது. அப்படிச் சேர்ந்தால் ஒப்பீடு கெட்டுவிடும்.

ஒரு குழுவில் 78 பேர். அவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி. ஓர் ஆண்டில் அதிகமாகப் போனால் 3 ஊசி.

மற்றக் குழுவிலும் 78 பேர். அவர்களுக்கு இயன்முறை மருத்துவம். முதல் 4 முதல் 6 வாரங்களில் அதிகமாகப் போனால் 8 தடவை வந்து போனார்கள். தேவைப்பட்டவர்கள் பிறகும் சில தடவை வந்தார்கள். வீட்டிலும் பயிற்சி செய்தார்கள்.

எல்லாருடைய கஷ்டத்தையும் மதிப்பெண் போட்டு அளந்தார்கள். வலி எவ்வளவு, இறுக்கம் எவ்வளவு, வேலை செய்வது எவ்வளவு கடினம் என்று கேட்டார்கள். மொத்தம் 240 மதிப்பெண். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் கூடினால் நல்லது. இங்கே அப்படி இல்லை. மதிப்பெண் கூடினால் கஷ்டம் கூடுதல். குறைந்தால் நல்லது.

தொடக்கத்தில் இரண்டு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். சுமார் 108.

ஓர் ஆண்டு கழித்து:
ஊசிக் குழு: சுமார் 56.
பயிற்சிக் குழு: 37.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஊசிக் குழுவுக்கும் கஷ்டம் குறைந்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஓர் ஆண்டு முடிவில் பயிற்சிக் குழு இன்னும் நன்றாக இருந்தது.

இந்த ஒப்பீடு எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. அவர்கள் அமெரிக்காவில் வாழ்பவர்கள். நம்மைப் போலத் தரையில் சம்மணம் போட்டு உட்காரும் பழக்கம் அங்கே குறைவு. எந்த வைத்தியமும் செய்யாத மூன்றாவது குழுவும் அதில் இல்லை. அவர்களுக்குப் படித்த நிபுணர் கையால் சிகிச்சையும் கிடைத்தது. ஆனாலும் ஒரு பாடம் தெளிவாகத் தெரிகிறது. நீண்ட நாள் பலன் வேண்டும் என்றால் பயிற்சியை முதலில் வைக்க வேண்டும்.

ஓர் உரையாடல்

ஓர் அரசு மருத்துவமனை. கூலி வேலை செய்யும் ஓர் அம்மா வந்திருக்கிறார். இயன்முறை மருத்துவரான ஒரு பெண்ணிடம் பேசுகிறார்.

அம்மா: டாக்டரம்மா, அடுத்த வாரம் நடவு இருக்குது. ஒரு ஊசி போடச் சொல்லி எழுதிக் குடுங்க. போதும்.

மருத்துவர்: உட்காருங்கம்மா. இதுக்கு முன்னாடி மூட்டுல ஊசி போட்டிருக்கீங்களா?

அம்மா: மூணு போட்டாச்சு. முதல் ஊசி மூணு மாசம் தாங்குச்சு. ரெண்டாவது ஒன்றரை மாசம். போன தடவை போட்டது மூணு வாரம்கூட நிக்கல.

மருத்துவர்: அந்த மூணு மாசம் வலி இல்லாம இருந்தப்ப ஏதாவது பயிற்சி செஞ்சீங்களா?

அம்மா: வலி இல்லாதப்ப எதுக்குப் பயிற்சி? வேலைதான் செஞ்சேன். அதுவே பயிற்சிதானே!

மருத்துவர்: வேலை வேற, பயிற்சி வேறம்மா. வேலையில உடம்பு களைச்சுப் போகுது. ஒரே மாதிரி குனியுறீங்க, குந்துறீங்க. தொடைத் தசைக்குப் பலம் சேரணும்னா அதுக்குன்னு தனியாச் செய்யணும். உங்க தொடையைப் பாருங்க. வலது தொடை இடதைவிட எவ்வளவு மெலிஞ்சிருக்கு!

அம்மா: ஆமா. நான் கவனிக்கவே இல்லையே.

மருத்துவர்: அங்கதான் வலி பிடிக்குது.

அம்மா: நடந்தா இன்னும் தேயும்னு எங்க நாத்தனார் சொல்றாங்களே?

மருத்துவர்: அளவா நடந்தா தேயாது. அசையாம இருந்தாத்தான் மூட்டு இறுகும். முதல்ல கொஞ்சம் வலி கூடுற மாதிரி இருக்கும். பயப்படாதீங்க. ரெண்டு மூணு வாரத்துல பழகிடும்.

அம்மா: எத்தனை நாள்ல சரியாகும்?

மருத்துவர்: உண்மையைச் சொல்லணும். நாளைக்கே சரியாகாது. ஆறு வாரத்துலேருந்து எட்டு வாரத்துல வித்தியாசம் தெரியும்.

அம்மா: அதுவரைக்கும் சோத்துக்கு என்ன செய்யறது, டாக்டரம்மா? ஊசி போட்டா மறுநாள் வேலைக்குப் போகலாமே.

மருத்துவர்: நீங்க கேக்குறது நியாயம். ஊசியே கூடாதுன்னு நான் சொல்லல. எலும்பு டாக்டர் உங்களைப் பார்க்கட்டும். வீக்கம் நிறைய இருந்தா, போன ஊசி எப்பப் போட்டதுன்னு கேட்டுக்கிட்டு அவர் முடிவு செய்வார். ஆனா ஒண்ணு. ஊசி போட்டாலும் போடாட்டியும் இன்னிக்கே பயிற்சியைத் தொடங்கணும். இல்லேன்னா அடுத்த நடவுக்கும் இங்கதான் வந்து நிப்பீங்க.

அம்மா: நடவுக்கு நான் போகலாமா?

மருத்துவர்: இந்தத் தடவை குனிஞ்சு நடுற வேலைக்குப் பதிலா நாத்துக் கட்டு பிரிச்சுக் குடுக்கிற வேலை கேட்டுப் பாருங்க. நடுவில நடுவில எழுந்து காலை நீட்டுங்க. சர்க்கரை நோய் இருக்கா?

அம்மா: இருக்குது. மாத்திரை சாப்பிடறேன்.

மருத்துவர்: அதை எப்பவும் மறக்காம சொல்லணும். ஸ்டீராய்டு ஊசி போட்டா சில நாளைக்கு ரத்தத்துல சர்க்கரை ஏறும்.

அம்மா: இதை யாரும் எங்கிட்டச் சொல்லலையே!

மருத்துவர்: இனிமே நீங்க கேளுங்க. என்ன ஊசி, எதுக்கு, எத்தனை நாள் தாங்கும்னு கேளுங்க. பேரை எழுதி வாங்கிக்குங்க. உங்களுக்கு இப்பப் படிக்கத் தெரியுமே!

வீட்டில் செய்யும் பயிற்சிகள்

முதல் முறை மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ பார்த்துச் சொன்ன பிறகு தொடங்குங்கள். ஒவ்வொன்றையும் மெதுவாகச் செய்யுங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.

1. துண்டை அழுத்துதல்
கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலால் துண்டைக் கீழே அழுத்துங்கள். தொடை இறுகும். 5 எண்ணும் வரை அழுத்தி விடுங்கள். 10 தடவை செய்யுங்கள்.

2. படுத்துக் காலைத் தூக்குதல்
மல்லாந்து படுங்கள். ஒரு காலை மடக்கிப் பாதத்தைக் கீழே ஊன்றுங்கள். மற்றக் காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்குங்கள். 5 எண்ணுங்கள். மெதுவாக இறக்குங்கள். 10 தடவை செய்யுங்கள்.

3. குதிகாலை இழுத்தல்
படுத்தபடியே குதிகாலைத் தரையில் தேய்த்து இடுப்பை நோக்கி இழுங்கள். முடிந்த அளவு மடக்குங்கள். மீண்டும் நீட்டுங்கள். 10 தடவை செய்யுங்கள். இது இறுகிய மூட்டைத் தளர்த்தும்.

4. உட்கார்ந்து காலை நீட்டுதல்
நாற்காலியில் உட்காருங்கள். ஒரு காலை முன்னால் நேராக நீட்டுங்கள். 5 எண்ணி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை.

5. எழுந்து உட்காருதல்
நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அப்போது நகராது. கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். மெதுவாக உட்காருங்கள். கஷ்டமாக இருந்தால் நாற்காலியில் போர்வையை மடித்துப் போட்டு உயரமாக்குங்கள். முதலில் 5 தடவை. பிறகு 10 தடவை.

6. நடை
சமமான தரையில் நடங்கள். முதலில் 10 நிமிடம். வாரம் போகப் போக 30 நிமிடம் வரை கூட்டுங்கள். கைத்தடி வைத்துக் கொள்ள வெட்கம் வேண்டாம். வலது கால் வலித்தால் தடியை இடது கையில் பிடியுங்கள். இடது கால் வலித்தால் வலது கையில் பிடியுங்கள்.

எவ்வளவு வலி சரி? செய்யும்போது லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட்டால் சரி. அடங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். நிறுத்திவிட வேண்டாம்.

எடையையும் கவனியுங்கள். நடக்கும்போது முழங்காலில் இறங்குவது நம் எடை மட்டும் அல்ல. அதைப் போலப் பல மடங்கு. எடை கூடுதலாக உள்ள ஒருவர் 1 கிலோ எடை குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. இதை 2005இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ஒரு நாளைக்கு நாம் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம்! கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முடிந்தவரை குந்தி உட்காருவதைக் குறையுங்கள். காய் நறுக்க, மாவு பிசைய உயரமான பலகை ஒன்று செய்து கொள்ளலாம்.

ஒரு நோட்டு வையுங்கள்

நாம் எழுதப் படிக்கக் கற்றுக் கொண்டோம். அந்த எழுத்தை இங்கே பயன்படுத்துவோம். ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி எழுதுங்கள். வலிக்கு 0 முதல் 10 வரை எண் கொடுங்கள். வலியே இல்லை என்றால் 0. தாங்கவே முடியாது என்றால் 10.

இப்படி எழுதலாம்:
திங்கள். பயிற்சி செய்தேன். நடை 10 நிமிடம். வலி 7.
செவ்வாய். பயிற்சி செய்தேன். நடை 10 நிமிடம். வலி 7.
புதன். பயிற்சி இல்லை. ஊருக்குப் போனேன். வலி 8.

ஒரு வாரத்தில் பெரிய மாற்றம் தெரியாது. சலிப்பு வரும். விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆறு வாரம் கழித்து முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 7 என்று எழுதிய இடத்தில் இப்போது 4 இருக்கலாம். வலி குறைந்தது நமக்கே மறந்துவிடும். நோட்டு மறக்காது. மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை நிறுத்துங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முழங்கால் சிவந்து, சூடாகி, வீங்கிக் காய்ச்சலும் இருந்தால்.
மூட்டில் ஊசி போட்ட பிறகு வலியும் வீக்கமும் திடீரென்று கூடினால்.
விழுந்து அடிபட்டுக் காலை ஊன்ற முடியாவிட்டால்.
மூட்டு மாட்டிக் கொண்டு மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டால்.
கெண்டைக்கால் வீங்கி வலித்தால்.

மூட்டுக்குள் ஊசியைப் படித்த மருத்துவர்தான் போட வேண்டும். சுத்தமான முறையில் போட வேண்டும். கிருமி உள்ளே போனால் மூட்டே கெட்டுவிடும்.

பல மாதம் பயிற்சி செய்தும் வலி குறையாமல் நடக்க முடியாமல் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை இருக்கிறது. செயற்கை முழங்கால் மூட்டுக்கு மத்திய அரசு 2017இல் விலை வரம்பு வைத்தது. அறுவைச் சிகிச்சை செய்தாலும் அதற்கு முன்னும் பின்னும் பயிற்சி தேவை.

எங்கே போய்க் கேட்பது?

முதியோர் நலனுக்கான தேசியத் திட்டம் ஒன்று 2010இல் தொடங்கியது. மாவட்ட மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவப் பிரிவு ஏற்படுத்துவது அந்தத் திட்டத்தில் உள்ள ஒரு வேலை. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் 'பிசியோதெரபி எந்த அறை?' என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லித் தருவது அதில் ஒரு பகுதி. மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் ஆஷா பணியாளரிடமோ கிராமச் செவிலியரிடமோ விசாரிக்கலாம்.

தினமும் போக வேண்டியது இல்லை. சில தடவை போய்ச் சரியாகக் கற்றுக் கொண்டால் போதும். மற்ற நாட்களில் வீட்டிலேயே செய்யலாம். அதற்குச் செலவு இல்லை. தினமும் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அந்த அரை மணி நேரத்தை அம்மாவுக்கு, பாட்டிக்கு விட்டுக் கொடுக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தை அந்த நேரத்தில் வேறு ஒருவர் தூக்கலாம் அல்லவா?

நினைவில் கொள்வோம்

ஸ்டீராய்டு ஊசி சீக்கிரம் வலியைக் குறைக்கும். பலன் சில வாரமே நிற்கும்.
பயிற்சி மெதுவாக வலியைக் குறைக்கும். பலன் நீண்ட நாள் நிற்கும்.
ஊசி போட்டாலும் பயிற்சியை விடக் கூடாது.
சர்க்கரை நோய் இருந்தால் ஊசிக்கு முன் சொல்ல வேண்டும்.
ஊசியின் பெயரைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. எலும்பின் முனைகளை மூடியிருக்கும் உறையின் பெயர் ________.
2. 2020இல் வெளியான ஒப்பீட்டில் ________ பேர் சேர்ந்தார்கள்.
3. வலது கால் வலித்தால் கைத்தடியை ________ கையில் பிடிக்க வேண்டும்.

விடை எழுதுங்கள்.
1. காலை அசைக்காமல் வைத்தால் வலி ஏன் கூடுகிறது?
2. ஆட்களைச் சீட்டுக் குலுக்கி ஏன் பிரித்தார்கள்?
3. உரையாடலில் வரும் அம்மாவுக்கு ஒவ்வோர் ஊசியும் எத்தனை நாள் தாங்கியது? அதிலிருந்து என்ன தெரிகிறது?

பேசிப் பாருங்கள்.
உங்கள் தெருவில் முழங்கால் வலி உள்ளவர்கள் யார்? அவர்கள் என்ன வைத்தியம் செய்தார்கள்? எவ்வளவு செலவானது? எத்தனை நாள் பலன் கிடைத்தது? கேட்டு எழுதுங்கள். உங்கள் கல்வி மையத்தில் எல்லாரும் சேர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.